இங்ஙனம், நலன்விரும்பிகள்

என் மகனுக்கு,

நேற்று நீ டெலிபோனில் கேட்ட கேள்விக்கு நான் "ம்... பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவின் கையில் கொடுத்தது உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். கலியாணம் முடித்து இரத்மலானைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அப்பாவுக்கு என்னோடு கதைக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று மருமகளிடம் முறையிட்டிருப்பாய். அப்படியில்லை. நீ கேட்டது டெலிபோனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. இந்த நாட்களில் எதைத்தான் டெலிபோனில் சொல்லலாம்? அது மட்டுமல்ல. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், வீட்டில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை நான் வாய் திறந்து சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். வருகிற சனிக்கிழமை பொரளையில் ஒரு மண்டபத்தில் கூட்டம். தேர்தலுக்கு யார் எவ்வளவு செலவழிக்கலாம், அந்தக் காசு யாரிடமிருந்து வந்தது என்பதை வேட்பாளர் வெளியே சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்டு, சில சட்டத்தரணிகள் யோசனைகள் எழுதுகிறார்கள். அதில் ஒருவர், இணையத்தில் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்களும் அச்சகக்காரர்களைப் போலக் கீழே பெயரும் முகவரியும் போட வேண்டும் என்று ஒரு யோசனையைச் சேர்த்திருக்கிறார். இணையத்தில் எழுதுகிறவர்களின் சார்பில் பேச, உன் புனைபெயருக்கு எழுதி உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்கள்தானே அப்பா முப்பது வருஷம் அந்தச் சட்டத்தோட இருந்தனீங்கள். அது நல்லதா, கெட்டதா? நான் அங்க போய் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டாய். என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? பதில் சொல்வதற்கு முன்னால் அதற்கே உனக்கு ஒரு நன்றி.

கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகம் இருந்த இடம் உனக்குத் தெரியும். முன்னால் சைக்கிள் கடை, பின்னால் ஒரு வாசல், அதற்குள் ஒரு மிஷினும் நானும். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், தேவாலயத் திருநாள் நோட்டீஸ், கடைக்காரர்களின் பில் புத்தகம், இவைதான் எங்கள் சோறு. கலியாணமான புதிதில் உன் அம்மாவும் வந்து புரூஃப் பார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பிய எழுத்துப் பிழை கிடையாது. தேர்தல் வந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை வரும். தேர்தல் நோட்டீஸ் அடிப்பதற்கு ஒரு விதி உண்டு: எல்லாவற்றுக்கும் கீழே, மிகச் சின்ன எழுத்தில், அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்று முகவரியோடு போட வேண்டும். நாங்கள் அதைக் கடைசி வரி என்போம். மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் சொன்னது யார் என்று கடைசி வரியில் தெரிய வேண்டும். இளம் வயதில் எனக்கு அந்த வரி மேல் பெரிய மரியாதை. என் பெயர் அச்சில் வருகிறதே என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மாநகர சபைத் தேர்தல். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சுயேச்சையாக நின்றார். கட்சி கிடையாது, ஆட்கள் கிடையாது. பென்ஷன் காசில் ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தார். பொலிஸ்காரர் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது. கூட்டிப் பார்த்தால் பத்து வரி தேறாது. நான் வழக்கம்போலக் கடைசி வரியில் என் பெயரையும் முகவரியையும் போட்டேன். வாத்தியாரை யாருக்கும் தெரியாது. ஆனால் அச்சகத்துக்கு வழி அந்த நோட்டீஸிலேயே இருந்ததே! மூன்றாம் நாள் நாலு பேர் வந்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. "மல்லி, கொஞ்சம் வெளியே நில்லு" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்து மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒரு வாளி மணலை மிஷினுக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். அதைக் கழற்றித் துடைத்துப் பூட்ட இரண்டு மாதம் பிடித்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

அதற்குப் பிறகு நான் கடைசி வரி போடுவதை விட்டுவிட்டேன். யாராவது கேட்டால், "இடம் காணாது ஐயா" என்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வெளியிட்டவர் பெயருக்குப் பதில், "இங்ஙனம், நலன்விரும்பிகள்" என்று போட்டுவிடுவோம். எவ்வளவு வசதியான சொல், பார். யாருடைய நலன், யார் விரும்புகிறார், ஒன்றும் கேட்கக்கூடாது. முதலில் பயத்துக்காகப் போட்டேன். போகப்போக, பணக்கார வேட்பாளர்களும் அதையே கேட்டு வந்தார்கள். எதிராளியைத் தாறுமாறாகத் திட்டி, கீழே நலன்விரும்பிகள் என்று போடச் சொல்வார்கள். அவர்களுக்கு மணல் வாளிப் பயம் கிடையாது. யார் செலவில் வந்தது என்று தெரியக்கூடாது, அவ்வளவுதான். அதே சொல் வாத்தியாரைக் காப்பாற்றவும் உதவும், இவர்களைக் காப்பாற்றவும் உதவும். நான் இரண்டையும் ஒரே எழுத்தில் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டும் வேறு என்ற யோசனையே இல்லாமல்.

பிறகு நீ வளர்ந்தாய், நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம், இணையம் வந்தது. "ஒழுங்கை" என்று ஒரு பக்கம் தொடங்கப்போகிறேன், பெயர் போடமாட்டேன், "மூலைவீட்டுக்காரன்" என்று எழுதுவேன் என்று நீ சொன்னபோது, உன் அம்மா பயந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நீ பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. எந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு வரிசை குறைவு, பொலிஸ் பதிவுக்கு எந்தப் படிவம், எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, இப்படித்தான். ஆனால் காலி வீதியில் ஆட்டோவுக்குள்ளே அதைப் பற்றிக் கதைப்பதை என் காதால் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு இங்கே பெற்றோருக்கு டெலிபோன் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியாமல் வயிறு வெடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வருகிறேன் என் குற்றத்துக்கு. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் மூன்று வருடத்துக்கு முந்திய தேர்தலில் நின்றார். மழைக்கு எங்கள் கான் நிரம்பியபோது தன் கடை ஆட்களை அனுப்பித் துப்பரவு செய்தவர் என்று அவரைப் பற்றி நீ ஒரு நல்ல வார்த்தை எழுதியிருந்தாய். அது உண்மை, எழுதியது நியாயம். அவருடைய தேர்தல் வேலைகளைப் பார்த்தவர் செபஸ்தியான், கொட்டாஞ்சேனைக்காரர், எனக்குப் பழைய பழக்கம். சுவரொட்டிக்கு ஓடர் கொடுக்க அச்சகத்துக்கு வந்தவர், நீ எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டு எனக்கே வாசித்துக் காட்டினார். "யாரோ மூலைவீட்டுக்காரனாம் அண்ணே. என்ன எழுத்து! ஆளைக் கண்டா கையைப் பிடிச்சு ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்" என்றார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் வாயைக் கட்டியிருக்க வேண்டும். "யாரோ இல்ல செபஸ்தியான், அது என்ட மகன்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பெயர் வெளியே போனால் ஆளே காணாமல் போகிற காலத்தில், உன் பெயரை நான் வெறும் தற்பெருமைக்காகக் கொடுத்தேன். சொல்லி முடித்ததும் வேறு யார் காதிலாவது விழுந்ததோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். ஆனால் செபஸ்தியான் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த கிழமையே, "தம்பி நெட் கடையில மணிக்கணக்குக்குக் காசு குடுத்து எழுதுறாராமே, வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாமே" என்று விசாரித்தார். அதையும் நான்தான் உளறியிருந்தேன். "முதலாளி ஒரு கம்ப்யூட்டர் குடுக்கச் சொன்னார். இதில சல்லிக் கதையே இல்ல அண்ணே, சாமான்தான். நல்லா எழுதட்டும் எண்டு ஒரு ஆசை." நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கையில் ஒரு ரூபாய் வாங்கவில்லையே, இதில் என்ன பிழை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். புதுப் பெட்டி வீட்டுக்கு வந்ததும் நீ கண்கள் விரிய, "ஆர் அப்பா தந்தது?" என்று கேட்டாய். என் வாயில் பழக்கத்தில் வந்தது அந்தச் சொல்தான். "ஒரு நலன்விரும்பி" என்றேன். நீ சிரித்துவிட்டு, அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அதோடு விட்டேனா? "அந்த முதலாளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதேன், நல்ல மனுஷன்" என்று இரண்டு தரம் சொன்னேன். எழுதினாய். பிறகு ஒரு நாள் நீ கமராவோடு வந்து படங்களைக் காட்டினாய். கான் அடைப்பதற்குக் காரணமே ஒழுங்கை முடிவில் முதலாளி கட்டிய சாமான் ஸ்டோர்ஸின் மதில். அது கானுக்கு மேலேயே நின்றது. ஆட்களை அனுப்பித் துப்பரவு செய்தவரும் அவர்தான், அடைத்தவரும் அவர்தான். "இதைப் போடவேணும் அப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "தேர்தல் முடியட்டும் மகன். இப்ப போட்டா அரசியலாப் போயிடும்." எவ்வளவு பெரிய மனிதனின் பேச்சு! நீ என்னை மதித்து அந்தப் படங்களை எடுத்து வைத்தாய். அடுத்த மழைக்கு ஒழுங்கையில் கடைசி மூன்று வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் எனக்கும் பங்கு உண்டு.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். கதவுக்குக் கீழால் யாரோ ஒரு நோட்டீஸைத் தள்ளிவிட்டுப் போனார்கள். நீ காலைச் சாப்பாட்டுக்கான பாணைக் கடித்துக்கொண்டே அதை எடுத்து வாசித்தாய். "வெள்ளவத்தை மக்கள் நம்பிப் படிக்கும் 'ஒழுங்கை' இணையப் பக்கமே எங்கள் வேட்பாளரை ஆதரிக்கிறது. இங்ஙனம், நலன்விரும்பிகள்." நான் அடித்துக் கொடுத்த நோட்டீஸ்தான் அது. உன் வாயில் பாண் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாய்.

"அப்பா, கம்ப்யூட்டர் தந்த நலன்விரும்பியும் இந்த நலன்விரும்பியும் ஒரே ஆளோ?"

"ஓம்" என்றேன். பூசி மெழுகத் தெரியாமலில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. உன் பெயரை நான் வெளியே விட்டதையும் அப்போதே சொன்னேன். நீ ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நீ எழும்பிப் போய் வயர்களைக் கழற்றினாய், பெட்டியில் போட்டாய், ஆட்டோ பிடித்துச் செபஸ்தியானின் வீட்டில் இறக்கிவிட்டு வந்தாய். பிறகு நெட் கடைக்குப் போய், மதில் படங்களைப் போட்டு, அவற்றுக்குக் கீழே ஒரு வரி எழுதினாய். அந்த வரி எனக்கு மனப்பாடம். "இந்த வேட்பாளரைப் பாராட்டிய என் கடைசி இரண்டு பதிவுகளும் அவருடைய ஆட்கள் தந்த கம்ப்யூட்டரில் எழுதியவை. யார் தந்தது என்று கேட்காமல் வாங்கியது என் தவறு. அது திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது." அம்மாவிடம், கம்ப்யூட்டர் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாய். அவள் உன் பக்கத்தை எங்கே போயாவது தவறாமல் வாசிப்பவள். அந்த வரியையும் வாசித்தாள். "பிள்ளை, ஆர் எவர் எண்டு விசாரிக்காம ஏன் வாங்கினாய்?" என்று உன்னைத்தான் ஏசினாள். நான் பக்கத்துக் கதிரையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மகன், என் வாழ்க்கையில் அதைப்போல வெட்கப்பட்ட நேரம் வேறில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வாசலில் வாகனச் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் வரும். செபஸ்தியானுக்கு உன் பெயர் தெரியும், முதலாளிக்குக் கோபம். தேர்தலில் அவர் வென்றும் விட்டார். ஒரு நாள் செபஸ்தியான் அச்சகத்துக்கு வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. "முதலாளி கேட்டவர், எழுதுறது ஆர் எண்டு. தெரியாது எண்டு சொல்லிட்டேன். நான் சல்லி வாங்கி வேலை செய்யிறவன்தான் அண்ணே. ஆனா பெயர் விக்கிறவன் இல்ல" என்றார். இனி அவர்களுடைய ஓடர் எனக்கு வராது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதேன். அந்த மனிதரை இன்றும் என் செபத்தில் நினைக்கிறேன். படங்களைப் பார்த்து ஒழுங்கைச் சனம் மாநகர சபைக்கு நடையாய் நடந்து, கடைசியில் அந்த மதிலின் அடியை வெட்டிக் கானைத் திறந்தார்களே, அந்த மூன்று வீட்டுக்காரருக்கும் உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகவே சனிக்கிழமை என்ன சொல்வது? நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் மணல் வாளியையும் பார்த்தேன், கம்ப்யூட்டர் பெட்டியையும் பார்த்தேன். எழுதுகிற பிள்ளைகள் எல்லாரும் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்று சட்டம் வந்தால், வாத்தியார் மாதிரி ஆட்கள்தான் முதலில் வாயை மூடுவார்கள். இந்த யுத்தம் முடிகிற வரைக்கும், முடிந்த பிறகும் கொஞ்சக் காலத்துக்கு, எங்கள் சனத்துக்கு ஒரு புனைபெயர் தேவை. அதை யாரும் பிடுங்கக்கூடாது. ஆனால் பெயரை மறைக்கிற திரைக்குப் பின்னால் காசையும் மறைக்க விட்டால், அந்தத் திரையை முதலாளிகள் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். உன் சொந்தக் காசில் நெட் கடையில் இருந்து உனக்குத் தோன்றியதை எழுதினால், நீ யார் என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. வேட்பாளரிடமோ அவருடைய ஆட்களிடமோ ஏதாவது வாங்கினால், காசாக இருந்தாலும் சாமானாக இருந்தாலும், வாங்கியதை அங்கேயே எழுத வேண்டும். உன் பெயரைப் போடாமலே அதை எழுதலாம். நீ எழுதிக் காட்டினாய். கொடுத்தவரும் எங்கே எதைக் கொடுத்தேன் என்று தன் செலவில் காட்ட வேண்டும். பாரத்தில் பெரிய பங்கை அவர் தலையில் வைக்கச் சொல், ஒளிக்க ஆள் பலம் உள்ளவர் அவர்தான். யாராவது எழுந்து, "இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிடு. சாமான் காசில்லை என்று வாதாடுகிறவர் இருந்தால் மட்டும் என் கதையைச் சொல். உன் புனைபெயருக்குச் சேதமில்லையென்றால், என் பெயரோடு சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

முப்பது வருடம் கடைசி வரியைப் பற்றி நான் யோசித்ததைவிட, நெட் கடையில் அரை மணித்தியாலத்தில் நீ அதை நன்றாக விளங்கிக்கொண்டாய். காசு யாருடையது என்று சொன்னாய். என்னை மட்டும் சொல்லவில்லை. உன்னைப் பெற்றதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்வது பழைய கதை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டதற்கு உனக்கு இன்றுவரை ஒரு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், மகன். மூன்று வருடம் பிந்திவிட்டது. ஊர்களையும் ஆட்களின் பெயர்களையும் மட்டும் எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை அப்படியே உன் பக்கத்தில் போடு. மூலைவீட்டுக்காரனுக்கு அவன் அப்பா எழுதியது என்று போட்டால் போதும். கடைசி வரியையும் நானே தருகிறேன்: எழுதியவர், அப்பா, இதற்காக யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை.

தபாலில் போடுவதற்கு முன் இதை அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவளுக்கு இன்றுதான் எல்லாம் தெரியும். கடைசி வரி வரை வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, அச்சகத்தில் புரூஃப் பார்த்துவிட்டுத் தருவாளே, அதே மாதிரி தாள்களை என் பக்கம் தள்ளினாள். "அந்தப் பிள்ளையை நான் எவ்வளவு ஏசினேன்" என்றாள். "எழுதினதெல்லாம் சரி. பிழை திருத்தம் எங்க?"

அவள் சொன்னது சரி. அதையும் சேர்த்துப் போடு.

பிழை திருத்தம்: மூன்று வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் வெளிவந்த குறிப்பில் "என் தவறு" என்றிருப்பதை "என் அப்பாவின் தவறு" எனத் திருத்தி வாசிக்கவும்.